மூன்றாவது பிரதி

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் வானொலிக்கு உரைச்சித்திரங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியத் தொழிலில் சேர்ந்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைப் பற்றி மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தோளில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் நாடாச் சுருள் ஒன்றும் என் கைக்கு வந்தன. அந்தக் கருவியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடந்தபோது எனக்கு இருந்த பெருமையை இப்பொழுது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முதல் நிகழ்ச்சிக்கு நான் தெரிவுசெய்தது எனது மூத்தம்மாவை. மருதமுனையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் கைத்தறி இருந்தது. மூத்தம்மா தறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நூல் சுற்றுவா. சுற்றும்போதே கவி வரும். ஒன்று கேட்டால் பத்துப் பாடுவா. ஆனால் கருவியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டா.

“கவி வயலுக்கும் வீட்டுக்கும்தான் மனெ. ஊரு கேக்க என்ட குரல் போறது சரியா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இளம் வயது, மறுமொழி தேவை என்றும் நினைக்கவில்லை. இரண்டு நாட்கள் பின்னால் திரிந்து கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தா.

“என்ட பேர மட்டும் சொல்லப்படாது.”

அப்படியே செய்தேன். “மருதமுனையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பாடுகிறார்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சி போன இரவு மூத்தம்மா அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டா. முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் இஷாத் தொழப் போய்விட்டா. அடுத்த நாள் காலையில், “ரெண்டாவது கவியில ஒரு அடி பிழைச்சுப் போச்சு” என்றா. அவ்வளவுதான் விமர்சனம்.

அடுத்த மாதம் சம்மாந்துறை வயலில் சில விவசாயிகளைப் பதிய வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஒரே சுருள். நாடா விலை கூடிய பொருள். மூத்தம்மாவின் குரலின் மேல் விவசாயிகளின் குரலைப் பதிந்தேன். அழித்தது வேறு யாருமல்ல, நான்தான். ஆனாலும் ஒரு கெசற்றில் பிரதி எடுத்துவைத்திருந்ததால் மனம் உறுத்தவில்லை. வீட்டு அலுமாரியில் அது இருக்கிறது என்ற எண்ணத்திலேயே வருடங்கள் போயின. 1991இல் மூத்தம்மா மௌத்தானா. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டோடு அலுமாரியும் போயிற்று. அன்று மனிதர்களைத் தேடினோம், ஜனாஸாக்களைத் தேடினோம். கெசற்றைப் பற்றி எனக்கு ஞாபகம் வந்ததே பல மாதங்கள் கழித்துத்தான். அது ஞாபகம் வந்ததற்காக வெட்கப்பட்டதும் உண்டு.

2008இல் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நானும் மனைவியும் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போய் நான்கு மாதங்கள் தங்கினோம். குளிர்காலம். வெளியே போக முடியாது. மகளின் சமையலறையில் ஒரு சிறு வானொலிப் பெட்டி இருந்தது. பழக்கதோஷத்தால் அதன் பக்கத்திலேயே இருந்துகொண்டேன். ஒருநாள் பின்னேரம் ஒரு கிழவி கதைத்துக்கொண்டிருந்தா. மீன் கருவாடாக்குவதைப் பற்றிச் சொன்னா என்று பாதி விளங்கியது. அவ அலாஸ்காவிலிருந்து பேசுவதாகவும் அங்குள்ள சிறு நிலையமொன்று அதைப் பதிந்ததாகவும் மருமகன் விளக்கினார். அலாஸ்காவின் ஒரு மூலையில் பதிந்த கிழவியின் குரல் பொஸ்டன் சமையலறைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் கணினியைத் திறந்து காட்டினார்.

அதன் பெயர் பப்ளிக் ரேடியோ எக்ஸ்சேஞ்ச். பீ.ஆர்.எக்ஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். பொது வானொலிப் பரிமாற்றம் என்று நாம் சொல்லலாம். 2003இல் தொடங்கியது. அலுவலகம் மகள் இருந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கேம்பிரிட்ஜில்.

அமெரிக்காவில் பொது வானொலி என்றால் அரச வானொலி அல்ல. பல்கலைக்கழகங்களும் உள்ளூர் அறக்கட்டளைகளும் நடத்தும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் அவை. கேட்போரின் நன்கொடையிலும், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பகிர்ந்தளித்த அரச பணத்திலும் வளர்ந்தவை. இத்தனை நிலையங்கள் இருந்தால் ஒன்று செய்த நல்ல நிகழ்ச்சி மற்றதற்குப் போய்ச் சேர வேண்டாமா? இந்தக் கேள்வி அங்கே பழையது. 1949இல் நியூயோர்க் மாநகர வானொலியைச் சேர்ந்த ஸீமூர் ஸீகல் என்பவர் நாடாக்களை நிலையத்துக்கு நிலையம் சுற்றுக்கு விடும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். ஒரு நிலையம் ஒலிபரப்பிவிட்டு அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். அதைச் சைக்கிள் விடுவது என்று பகிடியாகச் சொன்னார்கள். இரண்டு வருடங்களில் அந்த வேலை இல்லினோய் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. கல்வி ஒலிபரப்பாளர்களின் தேசிய சங்கம் அங்கிருந்து பிரதிகள் எடுத்து அனுப்பியது. எழுபதுகளின் இறுதியில் செய்மதி வந்தபோது நாடாவைத் தபாலில் போடும் தேவை குறைந்தது. ஆனால் செய்மதி குறித்த நேரத்தில் அனுப்பும். அந்த நேரத்தில் பிடிக்காவிட்டால் போனது போனதுதான்.

பீ.ஆர்.எக்ஸ். செய்தது எளிமையான காரியம். ஒரு பெரிய அலுமாரியைச் செய்து இணையத்தில் வைத்தது. நிலையமானாலும் சரி, வீட்டிலிருந்து தனியாக நிகழ்ச்சி செய்பவரானாலும் சரி, தமது ஒலிப்பதிவை அதில் கொண்டுபோய் வைக்கலாம். மற்ற நிலையங்கள் எந்த நேரத்திலும் வந்து, தேடி, கேட்டுப் பார்த்து, உரிமம் பெற்று இறக்கிக்கொள்ளலாம். நிலையம் கட்டும் பணத்தில் செய்தவருக்கும் பங்கு உண்டு. கேட்டவர்கள் கீழே விமர்சனம் எழுதலாம். எங்கோ ஒரு சிற்றூரில் தனியாக இருந்து நிகழ்ச்சி செய்தவருக்கு அந்த நாலு வரி விமர்சனம் எவ்வளவு பெரிய கூலி என்பது, சிறுசஞ்சிகைகளில் எழுதுகின்ற நமக்கு விளங்காமல் இருக்காது.

என்னைப் பிடித்துவைத்தது அந்த அலுமாரியல்ல. ஒவ்வொரு ஒலிப்பதிவோடும் ஒட்டியிருந்த சீட்டு. தலைப்பு, எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, தயாரித்தவர் யார், எப்பொழுது செய்தது, எதைப் பற்றியது, முன்னர் எங்கே ஒலிபரப்பானது, முதல் வார்த்தை எது, கடைசி வார்த்தை எது. முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் எதற்கு என்று மருமகன் கேட்டார். அதற்கு மட்டும் நான் அவருக்கு விளக்கம் சொன்னேன். அறிவிப்பாளர் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மீண்டும் பேசத் தொடங்க வேண்டும் என்பதை அறிய அவை வேண்டும். வானொலிக் கலையகத்தில் இருந்தவனுக்குத் தெரிந்த சங்கதி அது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நமக்கு இந்தச் சீட்டு புதியதா என்று யோசித்தேன். ஹதீஸ் படித்தவர்களுக்கு ஒரு செய்தி இரண்டு பகுதிகளாக வருவது தெரியும். சொல்லப்பட்டது மத்ன். யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற வரிசை ஸனது. ஸனது இல்லாத மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிஞர்கள் அதை வைத்துச் சட்டம் எடுக்கமாட்டார்கள். குர்ஆனைப் பாதுகாத்த வரலாறும் நமக்குத் தெரியும். யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனையின் பேரில் அபூபக்ர் (ரழி) அவர்கள் அதனை ஒன்றுதிரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எடுத்துக் கூபாவுக்கும் பஸராவுக்கும் ஷாமுக்கும் அனுப்பினார்கள். ஓரிடத்தில் பத்திரமாகப் பூட்டிவைத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. பல இடங்களுக்கு அனுப்பினார்கள். பல நெஞ்சங்களிலும் அது இருந்தது. அல்லாஹ்வின் வேதத்தோடு ஒரு கிராமத்துக் கவியை ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பாதுகாக்கும் முறையை மட்டுமே சொல்கிறேன். அந்த முறையை அறிந்த ஒரு சமூகத்தில் பிறந்த நான், ஒரு பிரதியை அழித்துவிட்டு மற்றதைக் கடற்கரை வீட்டு அலுமாரியில் வைத்திருந்தேன்.

மூன்றாவது பிரதி 2011இல் வந்தது. கொழும்பில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்குறணையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். எண்பதுகளில் வானொலியில் போன முஸ்லிம் நிகழ்ச்சிகளைத் தமது ஆசைக்காகக் கெசற்றில் பதிந்துவந்தவர். “உங்கட பக்கத்துக் கவி ஒண்டு என்னட்ட இருக்கு. யாரெண்டு தெரியல்ல. ரேப்பும் கொஞ்சம் கோளாறு, பின்னால தட்டுற மாதிரி ஒரு சத்தம் வருது” என்றார். சில வாரங்களில் பிரதி ஒன்றை அனுப்பிவைத்தார்.

தொடக்க அறிவிப்பு அதில் இல்லை. அவர் பொத்தானை அழுத்துவதற்குள் அது போய்விட்டது. இரண்டாவது கவியின் நடுவிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பிழைத்த அடி அப்படியே இருந்தது. பின்னால் தட்டும் சத்தம் கெசற்றின் கோளாறு அல்ல. அது எங்கள் வீட்டுத் தறி. வாப்பா நெய்துகொண்டிருந்தார். மூத்தம்மாவின் குரலைத் தேடிப்போன எனக்கு வாப்பாவின் தறிச் சத்தமும் சேர்ந்து கிடைத்தது. அதைக் கேட்டு நான் அழுததை மறைக்க விரும்பவில்லை.

அழுது முடிந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. இந்த ஒலிப்பதிவைக் கேட்டு, பாடுவது யார், தட்டுவது என்ன என்று சொல்லக்கூடியவர்கள் இனி எத்தனை பேர்? நானும் எனது சாச்சியும்தான். நாங்கள் இருவரும் போனால் மூத்தம்மா ‘யாரெண்டு தெரியாத’ கிழவியாவா. வாப்பாவின் தறி ரேப் கோளாறாகும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமல்ல. பீபீசி நிறுவனம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தனது தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவற்றின் நாடாக்களை அழித்து மீண்டும் பாவித்தது. ‘டொக்டர் ஹூ’ என்ற புகழ்பெற்ற தொடரின் பல பகுதிகள் அப்படித் தொலைந்தன. அவற்றில் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜொஸ் நகரிலிருந்து மீட்கப்பட்டதாக 2013இல் அறிவித்தார்கள். வெளிநாட்டு ஒலிபரப்புக்காக எப்பொழுதோ அனுப்பிய பிரதிகள் அவை. காட்சி கிடைக்காத பகுதிகளுக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்த ஒலி அது. உரியவர் அழித்ததை ஊரார் காப்பாற்றியிருக்கிறார்கள். அக்குறணை ஆசிரியரைப் போல.

நான் மேலே சொன்ன சைக்கிள் நாடாக்களுக்கும் இதே கதிதான் வரப் பார்த்தது. அந்தச் சங்கத்தின் நாடாக்கள் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போயின. அந்த நிகழ்ச்சிகள் பற்றிய கடிதங்களும் தாள்களும் விஸ்கொன்ஸின் மாநிலத்து வரலாற்றுச் சங்கத்துக்குப் போயின. மத்ன் ஓர் ஊரில், ஸனது இன்னோர் ஊரில். 5,000க்கும் மேற்பட்ட அந்த நிகழ்ச்சிகளையும் அவற்றின் தாள்களையும் இணையத்தில் மீண்டும் ஒன்றுசேர்த்து 2021இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பொஸ்டனின் டபிள்யூ.ஜீ.பீ.எச். நிலையமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் 2013 முதல் கூட்டாக நடத்தும் ஆவணக் காப்பகத்தின் முதல் தொகுதியே ஏறக்குறைய 40,000 மணித்தியால ஒலியும் ஒளியும். ஒரு நிலையம் தனியாக நின்று இதைச் செய்திருக்க முடியாது.

நமது நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 1989இல் கொத்மலையில் சமூக வானொலி ஒன்று தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அதற்கு இணைய வசதி கிடைத்தது. கிராமத்தவர் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, மறுமொழியைத் தம் மொழியில் வானொலியில் சொல்வார்கள். உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். இணையத்திலிருந்து கிராமத்துக்கு வந்த வழி அது. எனக்குத் தேவைப்பட்டது கிராமத்திலிருந்து வெளியே போகும் வழி.

ஆனாலும் கெசற் கிடைத்துப் பல வருடங்களாக நான் ஒன்றும் செய்யவில்லை. கணினியில் ஒரு பிரதி போட்டுவைத்ததோடு சரி. காரணம் அந்தச் சீட்டு. எங்கே கொடுத்தாலும் முதலில் கேட்பது பெயரைத்தான். ‘என்ட பேர மட்டும் சொல்லப்படாது’ என்ற வாக்கை நான் கொடுத்திருக்கிறேன். அது அமானிதம். பெயர் இல்லாமல் கொடுத்தால் மூத்தம்மா தொலைந்துபோவா. பெயரோடு கொடுத்தால் நான் வாக்கு மாறியவனாவேன். ஒரு பேரன் தன் மூத்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கைவிட இலக்கியம் பெரியதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டேன்.

2025இல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜூலை மாதம் அந்நாட்டுக் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த ஏறக்குறைய 110 கோடி டொலரை மீளப்பெற்றது. அடுத்த மாதமே பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தனது பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அறுபது வருடங்களுக்குச் சற்றுக் குறைந்த ஆயுள். அதன் பணத்தில் பெரிதும் தங்கியிருந்தவை அலாஸ்கா போன்ற இடங்களின் சிறு நிலையங்கள். அந்தக் கருவாட்டுக் கிழவியைத்தான் நினைத்தேன். அவவின் குரலைப் பதிந்த நிலையத்துக்கு என்ன நடந்தாலும் பிரதிகள் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. அவவின் பெயரும் கூடவே போயிருக்கும். இணைய அலுமாரியும் நிரந்தரமல்ல என்பதும் அன்றுதான் எனக்கு நன்றாக விளங்கியது. அதற்கும் மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும், தினமும் அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். கடல் மட்டும்தான் அலுமாரியைக் கொண்டுபோகும் என்றில்லை.

அந்த வாரமே சாச்சியிடம் போனேன். மூத்தம்மாவின் பிள்ளைகளில் இன்று ஹயாத்தாக இருப்பவ அவ ஒருவர்தான். கண் சரியாகத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். தறிச் சத்தம் கேட்டதும், “மச்சான் நெய்றாரு” என்றா, முன்விறாந்தையிலிருந்து சொல்வதுபோல. பாட்டு முடியும்வரை வேறொன்றும் பேசவில்லை. பிறகு நான் விசயத்தைச் சொன்னேன். மூத்தம்மா போட்ட நிபந்தனையைச் சொன்னேன். என் சங்கடத்தைச் சொன்னேன்.

சாச்சி கொஞ்ச நேரம் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

“உம்மா அண்டைக்கு ஊருக்கு வெக்கப்பட்டுச் சொன்ன மனெ. அவக்குத் தெரிஞ்ச ஊரும் இல்ல, கடலும் பழைய கடலில்ல. இப்ப கேக்கிறவனுக்கு அவட பேரு தெரிஞ்சாத்தானே அவக்கு ஒரு துஆக் கேப்பான்? பேரில்லாட்டி ஆருக்கெண்டு கேக்கிற?”

மார்க்கம் படித்த பலரிடம் கேட்டிருந்தாலும் இப்படி ஒரு மறுமொழி எனக்குக் கிடைத்திருக்குமோ தெரியாது. இது சரியா பிழையா என்று வாசகர்கள் வேறுவிதமாகவும் எண்ணலாம். வாக்கைப் பற்றிய கணக்கு என்னோடு இருக்கட்டும். அதை நான் அல்லாஹ்விடம் பேசிக்கொள்கிறேன்.

ஒலிப்பதிவை மூன்று பிரதிகள் எடுத்தேன். ஒன்று இங்கே ஒரு நூலகத்துக்கு. ஒன்று பொஸ்டனில் மகளிடம். ஒன்று அக்குறணை ஆசிரியரின் மகனிடம். வாப்பா காப்பாற்றியது அவர்கள் வீட்டிலும் இருக்க வேண்டும். மூன்றோடும் ஒரே சீட்டை வைத்தேன். எந்த வருடம், எந்த வீடு, எத்தனை நிமிடம், முதல் வார்த்தை, கடைசி வார்த்தை. பின்னணிச் சத்தம் கைத்தறி, நெய்தவர் பாடகியின் மருமகன். இரண்டாவது கவியில் ஓர் அடி பிழைத்திருப்பதாகப் பாடகியே சொன்னார். கெசற்றில் பதிந்தவர் இன்னார். குரலை அடையாளம் சொன்னவர்கள் பாடகியின் மகளும் மகளின் மகனும்.

நமது சஞ்சிகையை வாசிப்பவர்களில் பலரது வீடுகளில் இப்படிக் கெசற்றுகள் இருக்கும். மௌலிது, முனாஜாத்து, கலியாண வீட்டுக் கவி, யாரோ ஒரு புலவரின் பேச்சு. நாடா ஒட்டிப்போவதற்குள் அவற்றை ஒருவர் கேட்க வேண்டும். கேட்கும்போது பக்கத்தில் வயதான ஒருவர் இருக்க வேண்டும். இது யார் என்று அவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பிறகு இரண்டு வீடுகளுக்காவது கொடுத்துவிட வேண்டும். பெரிய கணினிகளும் கூட்டுத்தாபனங்களும் நமக்கு வாய்க்கும்வரை இவ்வளவையாவது செய்யலாம்.

சீட்டின் முதல் வரியில் மூத்தம்மாவின் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. குரலைக் கேட்பவர்கள் அதைச் சீட்டில் காண்பார்கள். கண்டால் ஒரு துஆக் கேட்கட்டும்.